புழுவெட்டு: முடி திரும்பி வருமா, மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 26. மூன்று மாதங்களுக்கு முன் வலது காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணய அளவில் முடி முழுவதும் கொட்டி, அந்த இடம் வழவழப்பாகிவிட்டது. இப்போது உச்சியிலும் பிடரியிலும் சேர்த்து மூன்று இடங்கள். புழுவெட்டு என்கிறார்கள். அத்தை சின்ன வெங்காயம் தேய்க்கச் சொல்கிறார். தை மாதம் திருமணம். யாரிடமும் வாய் திறக்காதே என்கிறார் அம்மா. முடி திரும்ப வருமா? மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டுமா? கண்ணாடி முன் நிற்கவே பிடிக்கவில்லை.

பதில்:

பெரும்பாலும் வரும். ஓரிரு இடங்களில் வட்டமாகக் கொட்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓராண்டுக்குள் மருந்து எதுவும் இல்லாமலேயே முடி முளைத்துவிடுகிறது. சிகிச்சை எடுத்துக்கொண்டால் இன்னும் சீக்கிரம் முளைக்க வாய்ப்புண்டு. ஆனால் உங்களுக்கு நிச்சயம் வரும், வந்த முடி மறுபடி கொட்டாது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. அப்படிச் செய்கிறவர் கையில் பணம் கொடுக்காதீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. தோல் நோய்ப் பிரிவில் 22 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். 24 வயதில் எனக்கும் இதே நோய் வந்தது. 31 வயதில் தலைமுடி முழுவதும் போனது, 33இல் திரும்பி வந்தது. இன்றும் இடது நெற்றிப்பொட்டுக்கு மேல் ஒரு வட்டம் இருக்கிறது. ஆகவே ஊசி போடும் பக்கத்தில் நின்றும் பேசுகிறேன், ஊசி போட்டுக்கொண்ட பக்கத்தில் நின்றும் பேசுகிறேன்.

புழு எதுவும் இல்லை. புழு அரித்த இலைபோல ஓரம் வட்டமாக இருப்பதால் அந்தப் பெயர் நிலைத்திருக்க வேண்டும். இரவில் ஏதோ பூச்சி வந்து முடியைத் தின்கிறது என்று நம்பித் தலையணை, பாய் எல்லாவற்றையும் எரித்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். நடப்பது வேறு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் வெள்ளணுக்கள், தவறுதலாக முடியின் வேரை அந்நியன் என்று எண்ணித் தாக்குகின்றன. அந்தத் தோலைத் துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், வேரின் அடியைச் சுற்றித் தேனீக்கள் மொய்ப்பதுபோல வெள்ளணுக்கள் தெரியும். தாக்கப்பட்ட முடி வளர்வதை நிறுத்திக்கொண்டு உதிர்கிறது. வட்டத்தின் ஓரத்தில் உற்றுப் பாருங்கள். அடியில் மெலிந்து நுனியில் தடித்த குட்டி முடிகள் ஆச்சரியக்குறி போல நின்றால், நோய் அந்த ஓரத்தில் இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்த நோயில் வேர் சாவதில்லை, உறங்குகிறது. பத்தாண்டு கழித்துக்கூட முடி முளைத்தவர்கள் உண்டு. வேரே அழிந்து தழும்பாகிவிடும் முடி நோய்கள் வேறு சில இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் தோல் சிவந்து, செதிலுரிந்து, அரிப்போ எரிச்சலோ இருக்கும், பிறகு மயிர்த்துளைகளே மறைந்துபோகும். அங்கே தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் இழப்புதான். குழந்தைகளுக்கு வட்டமாகக் கொட்டிப் பொடுகுபோல் செதில் இருந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை, அதற்கு வாய்வழி மருந்து வேண்டும். இவற்றைப் பிரித்தறியத்தான் தோல் மருத்துவர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார். எனவே 'புழுவெட்டு' என்று அக்கம்பக்கத்தார் சொன்னதோடு நின்றுவிடாமல் ஒருமுறை அவரிடம் காட்டிவிடுங்கள். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு காலையில் போனால் போதும்.

வெங்காயத்துக்கு வருகிறேன். உங்கள் அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன். பாக்தாத்தில் இரண்டு மருத்துவர்கள் புழுவெட்டு உள்ள சிலருக்கு வெங்காயச் சாற்றையும் வேறு சிலருக்கு வெறும் தண்ணீரையும் நாளுக்கு இரண்டு முறை தடவச் சொல்லி, முடிவை 2002இல் வெளியிட்டார்கள். ஆறு வாரத்தில் வெங்காயம் தடவிய 23 பேரில் 20 பேருக்கு முடி முளைத்திருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது மிகச் சிறிய ஆய்வு, தானாகவே முளைக்கும் நோயும்கூட. வெங்காயச் சாறு தோலை லேசாக எரிச்சலூட்டுவதால் வெள்ளணுக்களின் கவனம் திசைமாறுகிறது என்பது ஒரு விளக்கம். எரிச்சலூட்டும் பொருளைத் தடவி முடி வளர்க்கும் முறை மருத்துவத்திலும் இருக்கிறது, ஆனால் அங்கே அளவு உண்டு, கண்காணிப்பு உண்டு. வெங்காயத்தை மெல்லத் தடவுவதால் பெரிய கெடுதல் வராது. தோல் சிவந்தால் நிறுத்திவிடுங்கள்.

நான் பயப்படுவது அதற்கு அடுத்த படிக்கு. வெங்காயம் பலிக்காவிட்டால் ஆற்றுத்தும்மட்டி, அதுவும் பலிக்காவிட்டால் சேங்கொட்டை என்று போவார்கள். சேங்கொட்டையின் பால் அமிலம்போலத் தோலைப் பொசுக்கும். எங்கள் பிரிவுக்கு வந்த ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு அப்படிக் கொப்புளம் வெடித்து, ஆறிய இடம் தழும்பாகிவிட்டது. அவளுடைய புழுவெட்டு பின்னால் குணமாகி மற்ற இடமெல்லாம் முடி வந்தது, தழும்பில் மட்டும் வரவில்லை. மூலிகையின்மேல் எனக்குப் பகை இல்லை. தலையில் கொப்புளம் வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று சொல்லும் ஆளிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் நிலையில் தோல் மருத்துவர் பெரும்பாலும் செய்வது வட்டங்களுக்குள் ஸ்டீராய்டு ஊசி. மருந்தின் பெயர் ட்ரையாம்சினலோன். இன்சுலின் போடுவது போன்ற மெல்லிய ஊசியால், சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் தோலுக்குள் சிறுசிறு சொட்டு விடுவார்கள். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை. வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எறும்புகள் வரிசையாகக் கடிப்பதுபோன்ற வலி, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சில சமயம் அந்த இடம் லேசாகக் குழியும், பெரும்பாலும் சில மாதங்களில் சமமாகிவிடும். 'ஸ்டீராய்டா?' என்று உங்கள் அம்மா பதறக்கூடும். இது மூன்று வட்டங்களுக்குள் மட்டும் போகும் சிறு அளவு, மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரை அல்ல. இதோடு தடவும் களிம்பு, மினாக்ஸிடில் திரவம் போன்றவையும் தரலாம். மினாக்ஸிடில் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாக உதிர்வதுண்டு. பயந்து பாதியில் விடுகிறவர்கள் நிறைய. உங்கள் திருமணத் திட்டத்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், கருத்தரிக்கும் காலத்துக்கு ஏற்ப அவர் மருந்தை மாற்றுவார்.

தலை முழுவதும் பரவியவர்களுக்குப் புதிய வாசல் ஒன்று திறந்திருக்கிறது. மூட்டுவாதத்துக்குக் கொடுத்துவந்த பாரிசிடினிப் என்ற மாத்திரையை 2022 ஜூனில் கடுமையான புழுவெட்டுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. கூடிய அளவில் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு 36 வாரத்தில் தலையின் எண்பது சதவீதத்துக்கு மேல் முடி வந்தது. எனக்கு 31 வயதில் இப்படி ஒன்று இல்லை. ஆனால் அது நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து. நம் நாட்டில் உள்ளுறைந்த காசநோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டும், கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் தவிர்க்க வேண்டும், நிறுத்தினால் முடி மறுபடி கொட்டலாம். மூன்று வட்டங்களுக்கு இது தேவையே இல்லை. யாராவது உங்களிடம் இதை எடுத்த எடுப்பில் எழுதிக் கொடுத்தால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள்.

இரத்தப் பரிசோதனையில் தைராய்டையும் இரத்தசோகையையும் பார்ப்பார்கள். புழுவெட்டு உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். நீங்கள் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லி, பரிசோதனைக்குச் சில நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். தைராய்டு முடிவையே அது தவறாகக் காட்டிவிடக்கூடும். முடிக்காகப் பயோட்டின் விழுங்குகிறவர்கள் ஊருக்கு நூறு பேர், இந்தச் செய்தி தெரிந்தவர்கள் அதில் ஒருவர்.

டெங்குவோ வேறு கடும் காய்ச்சலோ வந்து, அல்லது குழந்தை பிறந்து, இரண்டு மூன்று மாதம் கழித்துச் சீப்பு நிறைய முடி வருகிறது என்று பலர் அழுதுகொண்டு வருவார்கள். அது வேறு. தலை முழுவதும் பரவலாக உதிரும், வட்டமாக உதிராது. அதிர்ச்சியடைந்த வேர்கள் ஒன்றாக ஓய்வுக்குப் போய், ஏறக்குறைய மூன்று மாதத்தில் ஒன்றாக முடியை விடுகின்றன. பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும்.

இனி நீங்கள் கடைசியாகச் சொன்ன வரி. கண்ணாடி முன் நிற்கவே பிடிக்கவில்லை என்கிறீர்கள்.

எனக்குக் கண்ணாடியைவிடக் காற்றுதான் பகையாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார மாட்டேன். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி கிடைத்தால் எழுந்து சுவரோரம் போவேன். என் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதை எப்போதும் ஓரக்கண்ணால் கணக்கு வைத்திருப்பேன். எல்லாவற்றையும்விடக் கொடுமை தீபாவளி. எங்கள் வீட்டில் ஆச்சி மனைப்பலகையில் உட்காரவைத்து ஒவ்வொருவர் தலையிலும் எண்ணெய் வைப்பார். மூன்று தீபாவளி நான் விடியுமுன்பே எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, நானே எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு வந்தேன். வேலைக்கு நேரமாகிறது என்று பொய் சொன்னேன். முடி போனதால் இழந்தவை என்று இன்று கணக்குப் பார்த்தால், அந்த மூன்று காலைகள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. அவற்றை நோய் எடுத்துக்கொள்ளவில்லை, மறைத்ததில் போயின.

நான்காவது தீபாவளிக்கு ஆச்சி எனக்கு முன்னால் எழுந்து குளியலறை வாசலில் மனையைப் போட்டுக் காத்திருந்தார். தப்ப வழியில்லை. உட்கார்ந்தேன். அவர் விரல் உச்சியில் வந்து வழுக்கிய இடத்தில் நின்றது. என் உடம்பு முழுவதும் இறுகிப்போனது. ஆச்சி உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டு, "இந்த இடம் காய்ஞ்சு கிடக்கு, கூட வைக்கேன்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அதுவரை அழாமல் இருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

கிட்டத்தட்ட முழுவதும் போன பிறகு அம்மா வேண்டிக்கொண்டு பழனிக்கு அழைத்துப் போனார். இருந்த நாலு கொத்து முடியையும் அங்கே எடுத்துவிட்டு, சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வந்தேன். சுற்றிலும் மொட்டைகள். ஆண்கள், குழந்தைகள், என் வயதுப் பெண்கள். ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த யாரோ ஒரு பெண்மணி, "என்ன வேண்டுதல்?" என்று பாசமாகக் கேட்டார். ஏழாண்டுகளில் முதல்முறையாக ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தேன்.

அந்த ஒரு பயணம் என்னை நிறைய யோசிக்க வைத்தது. அதே தலை, அதே தோல். கோயில் வாசலில் அது பக்தி. என் கொள்ளுப்பாட்டி காலத்தில் சில குடும்பங்களில் கணவனை இழந்த பெண்ணின் தலையை மழித்து மூலையில் உட்கார வைத்தார்கள், அங்கே அது அமங்கலம். மருத்துவமனையில் அது நோய். தலை எதுவும் சொல்வதில்லை, பார்க்கிறவர்கள்தான் அதன்மேல் ஒரு கதையை வைக்கிறார்கள். உங்கள் அம்மா வாய் திறக்காதே என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது அந்தப் பழைய அமங்கலக் கதை என்றே நினைக்கிறேன். அவர்மேல் கோபப்படாதீர்கள். அவருக்கு யாரோ கொடுத்த பயம் அது.

இந்தக் கண்டுபிடிப்பு எனக்கு முடியைக் கொடுக்கவில்லை, ஆறு மாதத்தில் "இன்னுமா வளரவில்லை?" என்ற கேள்வியும் வரத்தான் செய்தது. ஆனால் அதற்குள் "எனக்குப் புழுவெட்டு, ஒட்டாது, சிகிச்சை எடுக்கிறேன்" என்று ஒரே மூச்சில் சொல்லப் பழகியிருந்தேன். சொன்னதும் முக்கால்வாசிப் பேர் தங்கள் வீட்டில் யாருக்கோ இருந்ததைச் சொன்னார்கள். நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரும் நோய் இது. மறைத்துக்கொள்கிறோம், அதனால் நாம் ஒருவர்தான் என்று தோன்றுகிறது.

"டென்ஷன் ஆகாதே, அதனால்தான் கொட்டுகிறது" என்றும் பலர் சொல்வார்கள். சிலருக்குப் பெரிய மனவேதனைக்குப் பிறகு இது தொடங்குவதுண்டு, ஆனால் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் வருகிறது. கவலைப்பட்டதால்தான் கொட்டியது என்று உங்களை நீங்களே குற்றவாளியாக்கிக்கொள்ளாதீர்கள். அது முடியை நிறுத்தாது, தூக்கத்தைத்தான் கெடுக்கும். தூக்கம், பசி இரண்டும் வாரக்கணக்கில் போய்விட்டாலோ உயிர்மேல் வெறுப்பு வந்தாலோ அதையும் சிகிச்சைக்குரிய விஷயமாக எடுத்துக்கொள்ளுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலிமானஸ்) எந்நேரமும் கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். திருமணத்துக்கு முன்பே, நீங்களே, நேரில். பெரியவர்கள் சபையில் வேண்டாம். இது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. ஒரே தலையணையில் படுக்கப்போகிறவர் அவர். மறைத்தால் ஒவ்வொரு இரவும் துண்டு கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். என் கணவரிடம் நான் நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு சொன்னேன், அதற்கு முந்தைய இரண்டு மாதங்கள் எப்படிக் கழிந்தன என்பது எனக்குத்தான் தெரியும். நீளமாகப் பேச வேண்டாம். "எனக்கு மூன்று இடங்களில் முடி கொட்டியிருக்கிறது. புழுவெட்டு என்று பெயர். ஒட்டுவாரொட்டி இல்லை, உடம்புக்கு வேறு கெடுதல் இல்லை. பெரும்பாலும் முளைக்கும், சில சமயம் மறுபடி வரும்" என்று சொல்லிவிட்டு, விரும்பினால் காட்டுங்கள். பிறகு அவரைப் பேச விடுங்கள். குழந்தைக்கு வருமா என்று கேட்டால், தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஐந்தாறுதான் என்று சொல்லலாம். அவர் பின்வாங்கினால் வலிக்கும், மிகவும் வலிக்கும். ஆனாலும் அது தை மாதத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய சேதி.

முகூர்த்தத்துக்கு இன்னும் நான்கு மாதம் என்று வைத்துக்கொள்வோம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஊசி போட்டு நான்கு முதல் எட்டு வாரத்தில் முளைவிட்டாலும், அன்றைக்கு அந்த இடங்களில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் முடி இருந்தால் அதிகம். எனவே அலங்காரத்தை இப்போதே யோசியுங்கள். உச்சிக்குப் பின்னால் உள்ள வட்டத்தை ராக்கொடியே மூடிவிடும். காதுக்குப் பின்னால் உள்ளதைப் பக்கவாட்டு முடியைத் தளர்வாக வாரி மறைக்கலாம். சவுரி வைத்துக்கொள்வதில் கூச்சம் வேண்டாம், முடி நிறைய உள்ள மணப்பெண்களும் வைத்துக்கொள்வதுதான். ஆனால் கனமான சவுரி, அதன்மேல் ஜடை நாகம், அதன்மேல் பூ என்று ஏற்றினால் நெற்றியோர முடி வேரோடு இழுபடும். இழுத்து இழுத்தே முன்நெற்றி வழுக்கையானவர்கள் உண்டு. எடை குறைந்ததாகக் கேளுங்கள், வரவேற்பு முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள், பசை வைத்து ஒட்டும் எதையும் நோயுள்ள இடத்தில் ஒட்ட விடாதீர்கள். அலங்காரம் செய்யும் பெண்ணை ஒரு வாரம் முன்பே வீட்டுக்கு அழைத்துத் தனியாகக் காட்டிவிடுங்கள். அவர் இதைப்போல இருபது தலைகளைப் பார்த்திருப்பார். முகூர்த்த நாள் காலையில், பத்துப் பேர் சூழ்ந்திருக்கும் அறையில் அவர் கை அந்த இடத்தைத் தற்செயலாகக் கண்டுபிடிக்கக் கூடாது.

நாள்தோறும் விரலால் தடவிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் அம்மாவைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மருத்துவருக்கும் அது உதவும், அம்மாவும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கப் பழகுவார். ஒன்றிரண்டு மாதத்தில் வட்டத்துக்குள் பூனைமுடிபோல ஏதோ மினுங்கலாம். அது வெள்ளையாக இருக்கும். 26 வயதில் நரையா என்று பதற வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம், சாயமும் பூச வேண்டாம். இந்த நோயில் முடி பெரும்பாலும் வெள்ளையாகத்தான் முதலில் வரும். நிறம் பிறகு ஏறும்.